நாலு வீலும் இழுக்கும்... நிறுத்துறது யாரு?

ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டு இருந்த விஷயம். இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போலிருக்கு. கார் பத்திப் பேசினாலே கொட்டாவி விடுறவங்க பொறுத்துக்குங்க, இது கார் பத்தி மட்டும் இல்ல.

போன ஆனி மாசம் எங்க அக்கா பையன் பெங்களூர்ல இருந்து கோம்பைக்கு வந்திருந்தான். புது வண்டி. ஆல் வீல் டிரைவ், டர்போ, மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா வண்டி மேல ஒரு குத்தமும் கிடையாது. தெருவே கூடி நின்னு வேடிக்கை பார்த்துச்சு. எங்க வீட்டு நாய் மட்டும் நாலு டயர்லயும் முறைப்படி மரியாதை செஞ்சுட்டுப் போச்சு :-)

"மாமா, போடிமெட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாமா?"ன்னான். பண்ணைப்புரம், தேவாரம், போடி வழியா மேல ஏறினோம். ஏறும்போது ஒண்ணும் சொல்றதுக்கில்ல. பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஏதோ சைக்கிள்ல தெருமுனை திரும்புற மாதிரி திரும்பிக்கிட்டுப் போறான். சாரல் வேற. வேற வண்டின்னா வளைவு முடிஞ்சு மிதிக்கிறப்ப ஒரு சக்கரமாவது சுத்தி சத்தம் போடும். இது மூச்சு விடல. "பாத்தீங்களா மாமா, இதுக்கு டிரைவரே தேவையில்ல. ஸ்டியரிங்க திருப்பிவிட்டா போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்"னான். நானும் தலையாட்டினேன். தப்பு என் பேர்லயும் இருக்கு.

ராத்திரி மேல தங்கிட்டு மறுநாள் காலைல ஏழு மணிக்கு இறங்கினோம். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அது என்ன நேரம்னு தெரியும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க மேல ஏறுற நேரம். ராத்திரி பூரா தூறல். ரோட்டுல சருகும் செம்மண்ணும் கலந்து ஒரு பூச்சு. ஒரு இடது வளைவு. இவன் எப்பவும் போல வந்தான், எப்பவும் போல திருப்பினான். வண்டி திரும்பல. சக்கரம் இடது பக்கம் பார்க்குது, வண்டியோட மூக்கு நேரா எதிர்த் தடத்துக்குப் போகுது. பிரேக்க அமுக்கினான். காலுக்கு அடியில ஏ.பி.எஸ். கடகடன்னு அடிக்குது, வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு.

எதிர்ல ஒரு ஜீப் நின்னுக்கிட்டு இருந்துச்சு. வரல, நின்னுக்கிட்டு இருந்துச்சு. எங்களுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு முழம் இடம் இருக்கும்போது நாங்க நின்னோம்.

டிரைவர் இறங்கினார். ஐம்பது வயசு இருக்கும். சத்தம் போடுவார்னு பார்த்தேன். போடல. "சத்தத்த வச்சே தெரிஞ்சுச்சு தம்பி, இந்த வேகத்துல வர்றவன் இங்க திரும்ப மாட்டான்னு. அதான் வளைவுக்கு இங்கிட்டே நிறுத்திட்டேன். ஏறுற வண்டிக்கு இறங்குறவன்தான் நிக்கணும். நான் நின்னேன்." அவ்வளவுதான். ஜீப்புக்குள்ள பதினாலு பதினைஞ்சு பொம்பளைங்க. தலையில துண்டு, மடியில தூக்குச்சட்டி. எங்க அம்மா இருபது வருஷம் இப்படி ஒரு ஜீப்புலதான் போய் வந்தாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

கீழ இறங்கி ஒரு அரைமணி நேரம் கழிச்சு மருமகன் வாயைத் திறந்தான். "ரோடு வழுக்கிருச்சு மாமா."

இந்த ஒத்த வரிதான் என்னை எழுத வச்சது. ரோடு வழுக்கல அய்யா. ரோடு முதல் நாள் சாயங்காலத்துல இருந்தே வழுக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உன் வண்டி அதை உனக்குச் சொல்லல, நீயும் கேக்கல.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தா என்ன நடக்குது? இஞ்சின் சக்தி ரெண்டு டயர் வழியா போறதுக்குப் பதிலா நாலு டயர் வழியா போகுது. அதனால கிளம்பும்போதும், வளைவு முடிஞ்சு வேகம் எடுக்கும்போதும் சக்கரம் வீணா சுத்தாது. அம்புட்டுத்தான். பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான் இருக்கு, பழைய அம்பாஸடருக்கும் சேர்த்து. நிக்கிறதுக்கு ஆல் வீல் டிரைவ் அரைப் பைசா உதவி கிடையாது. திரும்புறதுக்கும், மிதிக்காத வரைக்கும், பெருசா கிடையாது. மாறா, கூடுதலா ஒரு ஷாஃப்ட், ஒரு டிஃபரன்ஷியல்னு எடை ஏறியிருக்கும். ரோட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கிறது நாலே நாலு உள்ளங்கை அகலம் ரப்பர். இருபது லட்சம் வண்டியோ ரெண்டு கோடி வண்டியோ, அந்த நாலு உள்ளங்கைதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், பத்தாங்கிளாஸ் இயற்பியல்தான். காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வு 0.7ன்னு வச்சுக்குவோம். 60 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் பிடிச்சா நிக்க 20 மீட்டர் வேணும். 80ல 36 மீட்டர். ஈரமும் சேறும் சேர்ந்து உராய்வு 0.4க்கு இறங்கினா 60க்கு 35 மீட்டர், 80க்கு 63 மீட்டர். பிரேக்குல கால் வைக்க ஒரு செகண்டு ஆகும்ல, அதுக்குள்ள ஓடுற 17, 22 மீட்டர் தனி. இறக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்குங்க. இப்ப வளைவு. 15 மீட்டர் ஆரம் உள்ள கொண்டை ஊசியில காய்ஞ்ச ரோட்டுல அதிகபட்சம் 36 கிலோமீட்டர் வேகம், ஈரத்துல 28. இந்தக் கணக்குல எங்கயாவது குதிரைசக்தி வருதா? எத்தனை சக்கரம் இழுக்குதுன்னு வருதா? வரல. நல்ல டயர் போட்டா நம்பர் கொஞ்சம் மாறும். டயர் தேய்ஞ்சிருந்தா நம்பர் இன்னும் மோசமா மாறும்.

அப்ப ஆல் வீல் டிரைவ் என்னதான் மாத்துது? அந்த வளைவுக்கு நீங்க வந்து சேர்ற வேகத்தை மாத்துது! முந்தின வளைவுல இருந்து சீறிக் கிளம்பி, நூறு மீட்டர் நேர் ரோட்டுல வேற எவனும் தொடாத வேகத்தைத் தொட்டு வந்து நிக்கிறீங்க. அங்க உங்களுக்குக் கிடைக்கிறது மத்தவனுக்குக் கிடைக்கிற அதே நாலு உள்ளங்கை.

இன்னொண்ணு இருக்கு, அதுதான் முக்கியம். பின்சக்கர இழுவை வண்டியில ஈர ரோட்டுல கொஞ்சம் கூட மிதிச்சா வால் ஆடும். பயந்து காலை எடுப்பீங்க. முன்சக்கர இழுவைன்னா முன்டயர் சுத்தும், ஸ்டியரிங் கையில உதறும். ரெண்டும் உங்களுக்கு ஒரு தகவல் சொல்லுது: "இன்னிக்கு ரோடு சரியில்ல." ஆல் வீல் டிரைவ் அந்தத் தகவலை முழுங்கிரும். ஏறும்போது மருமகன் "மூச்சு விடல பாருங்க"ன்னு பெருமைப்பட்டானே, அந்த மூச்சுதான் அவனுக்கு வேண்டியிருந்துச்சு. சக்கரம் சுத்தாததால ரோடு நல்லாயிருக்குன்னு நம்பிட்டான். எல்லை எங்க இருக்குன்னே தெரியாம எல்லைக்கு ரொம்பக் கிட்டக்க ரெண்டு நாளா ஓட்டியிருக்கான்.

"வண்டியே பாத்துக்கும்"னு சொல்றவங்க ராலி சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டணும். ஆடி குவாட்ரோ 1980ல ஜெனீவாவுல அறிமுகமாச்சு. 1981 மான்டி கார்லோ ராலியில ஹன்னு மிக்கோலா பனியில எல்லாரையும் நிமிஷக்கணக்குல பின்னாடி விட்டுட்டுப் போனார். ஆனா மோதி, பந்தயத்தை முடிக்கல. அடுத்து ஸ்வீடன்ல ஜெயிச்சார். அதே வருஷம் சான்ரெமோவுல மிஷேல் மூட்டன் ஜெயிச்சாங்க, உலக ராலி சாம்பியன்ஷிப் பந்தயம் ஒண்ணுல ஜெயிச்ச முதல் பெண். சரி, இனிமே ரெண்டு சக்கர இழுவை செத்துச்சுன்னுதானே தோணும்? 1982 டிரைவர் பட்டம் யாருக்கு? வால்டர் ரோர்லுக்கு. ஓட்டினது ஓபல் அஸ்கோனா, பின்சக்கர இழுவை! மூணு பந்தயம் ஜெயிச்ச மூட்டனுக்கு ரெண்டாவது இடம். 1983ல மிக்கோலா டிரைவர் பட்டம் வாங்கினார், ஆனா கம்பெனிப் பட்டம் லான்சியா 037க்குப் போச்சு. அதுவும் பின்சக்கர இழுவைதான். வண்டியே பார்த்துக்கிற விஷயமா இருந்தா இது எப்படி?

குவாட்ரோவுக்கு மூக்கு கனம். திருப்பினா நேரா போகப் பார்க்கும், எங்க வண்டி அன்னிக்குப் போன மாதிரியே. அதைத் திருப்புறதுக்கு அந்த வடநாட்டு ஆளுங்க (ஸ்காண்டிநேவியாவைச் சொல்றேன், நம்ம வடநாடு இல்ல) ஒரு வித்தை வச்சிருந்தாங்க. வலது கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கும்போதே இடது காலால பிரேக்கைத் தட்டி, எடையை முன்டயர் மேல தூக்கிப் போட்டு, வளைவு வர்றதுக்கு முன்னாடியே வாலை வீசி வண்டியைத் திருப்பி வைக்கிறது. சும்மா வராது, வருஷக்கணக்கா பழகணும். நம்மாளு கௌரவ் கில் 2013, 2016, 2017னு மூணு தடவை ஆசிய பசிபிக் ராலி பட்டம் வாங்கினது எம்.ஆர்.எஃப். அணியோட நாலு சக்கர இழுவை ஸ்கோடாவுலதான். அந்த வண்டியை என் கையில கொடுத்தா முதல் வளைவுல தென்னந்தோப்புக்குள்ள இருப்பேன்.

குரூப் பி காலத்தையும் சொல்லிடறேன். நாலு சக்கர இழுவையோட இஞ்சின் சக்தி ஏறிக்கிட்டே போன வருஷங்கள். 1986 போர்ச்சுகல் ராலியில ஒரு ஃபோர்டு ஆர்.எஸ்.200 கூட்டத்துக்குள்ள புகுந்து மூணு பேர் செத்தாங்க. அதே வருஷம் மே 2, கார்சிகாவுல ஹென்றி டோய்வோனனும் அவரோட துணை ஓட்டுநர் செர்ஜியோ க்ரெஸ்டோவும் லான்சியா டெல்டா எஸ்4ல பள்ளத்துல விழுந்து எரிஞ்சு போனாங்க. டோய்வோனன் அன்னிக்கு உலகத்துல விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டுநர்கள்ல ஒருத்தர். அந்த வருஷத்தோட குரூப் பிக்கு மூடுவிழா நடத்திட்டாங்க. ஒட்டுதல் கூடக்கூட, தப்பு நடக்கும்போது வேகமும் கூடவே நிக்குதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது.

எதிர்க்கட்சிக்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லணும். எங்க ஊர் டீக்கடைப் பெருசுங்க. "இதெல்லாம் ஒரு ஓட்டுறதா? கம்ப்யூட்டர் ஓட்டுது. நாங்க எல்லாம் பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்துலயே லாரியில..."ன்னு ஆரம்பிச்சா முடிக்க மாட்டாங்க. எங்க அப்பாவே இந்தக் கட்சிதான். எஸ்டேட் ஜீப் ஓட்டினவர். இவங்க சொல்றதும் பாதிப் பொய். கை பலமும் இரட்டை கிளட்ச் அடிக்கிறதும் அந்த வண்டிக்கு வேண்டிய திறமை. இந்த வண்டிக்கு வேண்டியது வேற. வண்டி எதுவும் சொல்லாதப்ப நீங்களே தெரிஞ்சுக்கணும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். கால் சும்மா இருக்கணும். அவ்வளவு சக்தியை வச்சுக்கிட்டுக் கால் சும்மா இருக்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. பெருசுங்க கையில கொடுத்தாலும் ஒரு வாரத்துல இதே கதைதான் நடக்கும்.

அப்பாவோட ஜீப்பையும் புனிதமாக்க வேணாம். ஓடுற ஜீப்புல பாதி ரெண்டு சக்கர இழுவைதான், எல்லாத்துக்கும் போர் வீல் கிடையாது. பத்துப் பேர் ஏற வேண்டிய இடத்துல பதினாறு பேரை அடைச்சு, ரெண்டாவது டிரிப்புக்கு அவசரப்பட்டு, எத்தனை சாவு பார்த்திருக்கோம் இந்த மலையில. ஆனா போர் வீல் ஜீப் ஓட்டினவங்ககிட்ட ஒரு விஷயம் இருந்துச்சு. அந்த ஜீப்புல நடு டிஃபரன்ஷியல் கிடையாது. போர் வீல் போட்டா முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்துல சுத்தியாகணும். தார் ரோட்டுல போட்டு ஒடிச்சுத் திருப்பினா வண்டி இறுக்கிப் பிடிக்கும், கியர் எடுக்க வராது, வம்படியா ஓட்டினா ஏதாவது உடையும். அதனால எங்க போடணும், எங்க எடுக்கணும்னு டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். சேறா, கல்லா, தாரா? நெம்புகோலைத் தொடுறதுக்கு முன்னாடி ரோட்டைப் படிச்சாகணும். இன்னிக்கும் கொழுக்குமலைக்குப் போனா பார்க்கலாம். எஸ்டேட் நம்ம தேனி மாவட்டம், ஜீப் ஏறுறது கேரளாவுல சூரியநெல்லியில இருந்து. பாறையில லோ போட்டு மாட்டு வண்டி வேகத்துல தூக்கிட்டுப் போவாங்க. இறங்கும்போது பிரேக்கை நம்ப மாட்டாங்க, எந்தக் கியர்ல ஏறினாங்களோ அதுலயே இறங்குவாங்க.

(கரண்டு வண்டிக்காரங்களுக்கு ஒரு துணுக்கு: உங்க வண்டியில இஞ்சின் பிரேக்குக்குப் பதில் மோட்டாரே வேகத்தைப் பிடிச்சு பேட்டரிக்கு அனுப்பும். ஆனா மேல விடுதியில ராத்திரி பூரா சார்ஜ் போட்டு நூறாக்கிட்டு இறங்கினா பேட்டரியில வாங்கிக்க இடம் இருக்காது, அந்தப் பிடி குறைஞ்சுரும். மலை இறங்கப் போறீங்கன்னா கொஞ்சம் காலியா வச்சுக்குங்க.)

எங்க ஊர் நாயைப் பத்தித் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. செவலை உடம்பு, கருப்பு மூஞ்சி. வெளியூர்ல இருந்து காரை எடுத்துக்கிட்டு வந்து குட்டி கேப்பாங்க. இங்க பழைய ஆளுங்க சிலபேர் காசை வாங்குறதுக்கு முன்னாடி, "முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க. இல்லன்னா, "மொதல்ல ஒரு சாதா நாய வளத்துட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பினதை நானே பார்த்திருக்கேன். நாய்க்குட்டி வித்தாக்கூடக் கேக்குற கேள்வியை 500 குதிரைசக்தி விக்கும்போது எவனும் கேக்குறதில்ல! 2024 மார்ச்சுல இந்தியாவுக்கு வந்த பி.ஒய்.டி. சீல் காரோட ஆல் வீல் டிரைவ் மாடல் 530 குதிரைசக்தி, நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 3.8 செகண்டு. அப்ப விலை 53 லட்சம். அதை ஓட்ட என்ன லைசென்ஸ் வேணும்? மாருதி 800ல எட்டாவது நாள் 'எச்' போட்டு வாங்கினீங்களே, அதே லைசென்ஸ். 7500 கிலோ வரைக்கும் எல்லாம் ஒரே இலகு ரகம்தான் நம்ம சட்டத்துல. எடைக்கு வரம்பு இருக்கு, சக்திக்குக் கிடையாது.

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல புது லைசென்ஸ்காரன் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல உள்ள காரைத் தொடக்கூடாது. மேல சொன்ன 530 குதிரைசக்தி ஏறக்குறைய 390 கிலோவாட், வண்டி எடை ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல. நீங்களே வகுத்துப் பாருங்க. அந்த மாதிரி ஒரு வரி நம்ம சட்டத்துல வந்தா என்ன குடி முழுகிப்போகும்? வேணாம், சட்டம் வந்தா புரோக்கர் ரேட்டு ஏறும், அவ்வளவுதான்னு சொல்றீங்களா, அதுலயும் நியாயம் இருக்கு. அப்ப விக்கிறவனாவது ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமே? சென்னைக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கு, கோவைக்கு செட்டிபாளையம் இருக்கு. தண்ணியைக் கொட்டி, நாலு கோனை வச்சு, "இந்த வேகத்துல திருப்புனா உன் வண்டி இப்படித்தான் நேரா போகும்"னு வாங்குறவனோட வயித்துல ஒரு தடவை புளியைக் கரைச்சு விடலாமே? அம்பது லட்சத்துல சாவி கொடுக்கும்போது மாலை போட்டு கேக் வெட்டி போட்டோ எடுக்கிற செலவுதான் ஆகும்.

"உனக்குப் பொறாமை மாமா"ன்னு மருமகன் சொன்னான். இருக்கலாம்! கோம்பையில இருந்து நிமிர்ந்து பார்த்தா ராமக்கல்மெட்டு தெரியும். நடந்தா ஏறிரலாம், வண்டின்னா கம்பம்மெட்டு சுத்தித்தான் போகணும். அந்த வண்டியில ஒரு தடவை அந்த வழியா என்னை ஓட்டவிட்டா வேணாம்னு சொல்ல மாட்டேன். வண்டி மேல எனக்குக் கோபம் இல்லன்னு முதல்லயே சொன்னேன். அன்னிக்கு அந்த ரெண்டு முழம் மிச்சமானது எங்க வண்டியில இருந்த திறமையால இல்ல, எங்க சீட்டுல இருந்த திறமையாலயும் இல்ல. எதிர்ல வந்தவர் காதால எங்களை ஓட்டினார். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அவர் ஓட்டினார். இந்த ஏற்பாடு எத்தனை காலைக்கு நடக்கும்? போடிமெட்டுக்கு மேல மூணாறு ரோடு அகலமாகி சில வருஷம் ஆச்சு, வர்ற வண்டிங்க வருஷா வருஷம் கூடுது. ஜீப் ஏறுற நேரம் மட்டும் மாறல, அதே ஏழு மணி.

போன மாசம் தேவாரத்துல ஒரு டீக்கடையில அந்த டிரைவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிஞ்சுது. "அந்தத் தம்பி வண்டிய வித்துருச்சா?"ன்னார். இல்லண்ணே, வச்சிருக்கான்னேன். "எதுக்கு விக்கணும், நல்ல வண்டி. ஊருக்கு வந்தா சொல்லுங்க. விடியக்காலம் அஞ்சரைக்கு எங்கூட முன்சீட்ல ஒரு டிரிப்பு உக்காரட்டும். பேசக்கூடாது, ரோட்ட மட்டும் பாக்கணும்"னார்.

மருமகன்கிட்ட போன்ல சொன்னேன். "அஞ்சரைக்கா மாமா?"ன்னான். தீபாவளிக்கு வர்றான், பார்ப்போம்.